பறி, சொல்விளம்பி, ஃபென்

(நூலக வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, காய்ச்சலோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் நகர்மன்ற உறுப்பினர் அவர்களே, ஓய்வுபெற்ற பிறகும் இந்த வாசலை மறக்காத முன்னாள் நூலகர் அம்மா அவர்களே, ஒலிபெருக்கி தந்த பந்தல்காரத் தம்பி உட்பட எல்லோருக்கும் வணக்கம். பொன்னாடைக்குப் பதில் புத்தகம் கொடுங்கள் என்று போன வருடம் இதே மேடையில் கேட்டுக்கொண்டேன். இந்த வருடம் இரண்டு பொன்னாடை. சரி, நன்றி.

மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன். அமெரிக்காவின் ஆரம்பகால அறிவியல் புனைகதை ரசிகர்களுக்குள் ஒரு தனிப்பேச்சு எப்படிப் பிறந்தது, அது எப்படி வெளியே பரவியது, அதில் பெண்களின் பங்கு என்ன.

பள்ளியில் குழூஉக்குறி படித்தோமே, நினைவிருக்கிறதா? பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பார்கள். வேடர் கள்ளைச் சொல்விளம்பி என்பார்கள். குடித்தவன் வாயிலிருந்து உண்மையெல்லாம் வந்துவிடும் என்பதற்காக வைத்த பெயராம். என்ன அழகு! பாம்பின் கால் பாம்பறியும்.

1926 ஏப்ரலில் ஹியூகோ கெர்ன்ஸ்பேக் 'அமேஸிங் ஸ்டோரிஸ்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். இந்த வகைக் கதைக்கு அவர் வைத்த பெயர் 'ஸயன்டிஃபிக்‌ஷன்'. வாயில் நுழையாத அந்தப் பெயரை ரசிகர்கள் எஸ், டி, எஃப் என்று மூன்று ஆங்கில எழுத்தாக்கி, 'ஸ்டெஃப்' என்று நறுக்கிவிட்டார்கள். ஆனால் அவர் ஒரு நல்ல காரியம் செய்தார். வாசகர் கடிதங்களை முழு முகவரியோடு வெளியிட்டார். தெருவில் பைத்தியக்காரன் என்று பெயர் வாங்கிய பையன், தன்னைப் போல் இன்னொருவன் வேறு ஊரில் இருப்பதைக் கண்டுகொண்டான். கடிதம் போட்டான். பாம்பின் கால் பாம்பறியும், ஆனால் முகவரி வேண்டுமே!

கடிதம் வளர்ந்து சொந்தப் பத்திரிகை ஆனது. ஸ்டென்சிலில் தட்டச்சு செய்து, சைக்ளோஸ்டைலில் உருட்டி, தபாலில் அனுப்பினார்கள். 1940 அக்டோபரில் லூயிஸ் ரஸ்ஸல் ஷோவனே என்ற ரசிகர், ஃபேனையும் மேகஸீனையும் ஒட்டி, அதற்கு 'ஃபேன்ஸீன்' என்று பெயர் சூட்டினார். ஆங்கிலத்தில் ஒருமையில் மேன், பன்மையில் மென். அதேபோல் ஒரு ரசிகர் ஃபேன், பலர் ஃபென். தன் பெயரை அச்சில் பார்க்கும் சுகத்துக்கு 'ஈகோபூ', அதாவது 'ஈகோ பூஸ்ட்'. இந்த இரண்டு பொன்னாடையும் எனக்கு ஈகோபூதான், மறுக்கவில்லை. பீருக்கு நடுவில் ஒரு 'எச்' போட்டு எழுதுவார்கள். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும், விட்டுவிடுவோம். 'கஃபியா' என்ற சொல்லுக்கு எல்லாவற்றையும் விட்டு விலகுதல் என்று பொருள். முதலில் வெளியுலகத் தொல்லையை விட்டு ரசிகர் உலகத்துக்குள் போவதைக் குறித்தது. பிறகு ரசிகர் உலகத்தை விட்டு வீட்டுக்குத் திரும்புவதைக் குறித்தது. சன்னியாசம் என்ற சொல்லுக்குக் கல்யாணம் என்று பொருள் வந்ததுபோல!

ஆனால் எனக்குப் பிடித்த சொல் 'ஃபில்க்'. 1950களில் லீ ஜேக்கப்ஸ் என்பவர் அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டில் அறிவியல் புனைகதையின் தாக்கம் என்று ஒரு கட்டுரை தட்டினார். 'ஃபோக்' என்று தட்ட வேண்டிய இடத்தில் 'ஃபில்க்' என்று விழுந்துவிட்டது. தட்டச்சுப் பொறியில் ஐயும் ஓவும் பக்கத்துப் பக்கத்து வீடு. கட்டுரையில் கொச்சை அதிகம் என்று, ரசிகர்கள் தங்களுக்குள் தபாலில் அனுப்பிக்கொள்ளும் சுற்றுக்கு அதை விடவே இல்லை. கட்டுரை போனது, பிழை நின்றது. காரன் ஆண்டர்சன் என்ற அம்மையார் அந்தப் பிழையையே பெயராக்கிப் பாட்டு வெளியிட்டார். இன்றைக்கும் ரசிகர் மாநாடுகளில் இரவெல்லாம் உட்கார்ந்து ஃபில்க் பாடுகிறார்கள்.

இது எங்கள் வீட்டிலும் நடந்தது. என் தங்கை கல்யாணப் பத்திரிகையில் 'சுற்றமும் நட்பும் சூழ' என்று இருக்க வேண்டும். அச்சகத்தில் 'சுற்றமும் நட்டமும் சூழ' என்று அடித்துவிட்டார்கள். ஐந்நூறு பிரதி! அப்பா அச்சகக்காரரோடு சண்டை போட்டார். அம்மா அழுதாள். மாமா மட்டும் ஒரு பத்திரிகையைக் கையில் எடுத்து, "மாப்பிள்ளே, உள்ளதைத்தானே போட்டிருக்கான்" என்றார். அவ்வளவுதான், வீடே சிரித்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நண்பர்களுக்கு நட்டம் என்று பெயர். "உன் நட்டம் வாசலில் நிக்குது, காபி போடவா?" என்பாள் அம்மா. வந்தவருக்கு ஒன்றும் புரியாது. பாம்பின் கால் பாம்பறியும்!

சரி, நேரமாகிறது என்று தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். இந்தச் சொற்களின் கதை நமக்கு எப்படித் தெரிகிறது? யாரோ காகிதத்தைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார்கள். 1944இலேயே ஜேக் ஸ்பியர் 'ஃபேன்சைக்ளோபீடியா' என்று ஓர் அகராதி போட்டார். அயோவா பல்கலைக்கழகம் ஹெவலின் என்ற ரசிகர் சேர்த்த ஃபேன்ஸீன்களைப் பாதுகாக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காரர்கள் இந்தத் துறைச் சொற்களின் முதல் பதிவைத் தேட ரசிகர்களிடமே கை நீட்டினார்கள்.

நம் கட்டடத்தின் பின்னறையில் கையெழுத்துப் பத்திரிகைகளும் சைக்ளோஸ்டைல் இதழ்களும் பதினோரு கட்டு இருக்கின்றன. அவற்றை எடைக்குப் போடப் போவதாகக் கேள்விப்பட்டேன். உறுப்பினர் அய்யா, உங்கள் காய்ச்சல் குணமாகட்டும், ஆனால் அதற்கு முன்னால் ஒரு அலமாரி வேண்டும், பூட்டோடு. அந்தக் கட்டுகளில் எத்தனை 'நட்டம்' இருக்கிறதோ!

வெளியே பரவிய கதையையும் பெண்களின் பங்கையும் பற்றி அடுத்த கூட்டத்தில் பேசுகிறேன். அலமாரி கேட்கும் விண்ணப்பம் டீ மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறது, கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடியுங்கள். பேனா என்னுடையது, எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். வணக்கம்.