ஆற்றுக்கு மேலே, அளந்த தண்ணீரோடு: பிளாக் கேன்யனில் மூன்று இரவுகள்

வணக்கம் நண்பர்களே. இப்போது திரையில் நீங்கள் பார்க்கும் இந்த ஏழு கேலன் (சுமார் 26 லிட்டர்) நீலக் கேன்தான் இன்றைய காணொளியின் கதாநாயகன். பள்ளத்தாக்கு, நட்சத்திரங்கள், கரடி எல்லாம் பிறகு வரும். முதலில் தண்ணீரைப் பற்றிப் பேசிவிடுகிறேன், ஏனென்றால் அங்கே கழித்த மூன்று நாள்களும் நாங்கள் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

கொலராடோ மாநிலத்தின் மேற்குப் பகுதியில் உள்ள பிளாக் கேன்யன் ஆஃப் தி கன்னிசன் தேசியப் பூங்காவுக்கு, 2023 செப்டம்பர் முதல் வாரத்தில், டென்வரிலிருந்து 25 அடி நீளமுள்ள வாடகை ஆர்.வி. (படுக்கை, சமையலறை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ள வீட்டு வண்டி) ஒன்றில் நானும் என் மனைவியும் சென்னையிலிருந்து வந்திருந்த என் அம்மாவும் புறப்பட்டோம். 11,312 அடி உயரத்திலுள்ள மொனார்க் கணவாயை அந்தக் கனமான வண்டியில் ஏறிக் கடந்து, கன்னிசன் ஊரையும் புளூ மேசா நீர்த்தேக்கத்தையும் தாண்டி, நெடுஞ்சாலை 50-இலிருந்து பூங்காவுக்குப் பிரியும் 347-ஆம் எண் சாலையை மாலை ஐந்து மணிக்கு அடைந்தோம். நாங்கள் தவறு செய்தது அந்தத் திருப்பத்தில்தான். கிழக்கிலிருந்து வருபவர்களுக்குத் திருப்பம் முதலில் வருகிறது. கடைகளும் தண்ணீர் நிரப்பும் வசதியும் உள்ள மான்ட்ரோஸ் நகரம் அதற்கு அப்பால் ஏழெட்டு மைல் தள்ளி இருக்கிறது. வண்டியின் அளவுகாட்டி, நன்னீர்த் தொட்டி மூன்றில் இரண்டு பங்கு நிறைந்திருப்பதாகக் காட்டியது. வெளிச்சம் இருக்கும்போதே வண்டியை நிறுத்திவிடலாம் என்று நேராக மேலே ஏறிவிட்டோம்.

பள்ளத்தாக்கின் தெற்கு விளிம்பில் உள்ள முகாம் மைதானம் 8,300 அடிக்கும் சற்று மேலான உயரத்தில், ஆளுயரத்துக்குச் சற்று அதிகமாக வளர்ந்த கேம்பெல் ஓக் புதர்களுக்கு நடுவே, ஏ, பி, சி என்று மூன்று வளையங்களாக அமைந்திருக்கிறது. மொத்தம் 88 இடங்கள். பி வளையத்தில் மட்டும் மின் இணைப்பு உண்டு. எங்களுக்கு அது கிடைக்கவில்லை. குளியலறை கிடையாது, கழிவுநீரை வெளியேற்றும் நிலையம் கிடையாது, கழிப்பறைகள் குழிக் கழிப்பறைகள். ஒவ்வோர் இடத்திலும் ஒரு மேசையும், தீ மூட்ட இரும்பு வளையமும் இருந்தன. பூங்காவுக்குத் தண்ணீர் லாரியில்தான் ஏற்றி வரப்படுகிறது என்பதால், குழாயில் குடிக்கவும் சமைக்கவும் பிடித்துக்கொள்ளலாம், ஆனால் ஆர்.வி. தொட்டியை நிரப்பக் கூடாது என்பது விதி. அதைக் கேட்டதும் அம்மா சிரித்துவிட்டார். "லாரித் தண்ணிக்குக் குடத்தை வரிசையில வைக்கிறதை விட்டுட்டு இவ்வளவு தூரம் வந்தா, இங்கேயும் அதேதானா?" என்றார்.

மறுநாள் காலை நான் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது, பம்ப் வெறும் காற்றை இழுக்கும் ஓசை கேட்டது. அளவுகாட்டி அப்போதும் மூன்றில் இரண்டு பங்கு என்றே சொன்னது! தொட்டிக்குள் இருக்கும் உணரிகளில் அழுக்குப் படிந்தால் இப்படித் தவறான அளவு காட்டுவது ஆர்.வி. ஓட்டுபவர்களுக்குப் பழகிய தொல்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். வண்டியை எடுக்கும்போதே தொட்டியை நம் கண்முன்னால் நிரம்பி வழியும்வரை நிரப்பச் சொல்வதுதான் ஒரே வழி, அளவுகாட்டியை நம்பாதீர்கள். அன்று பிற்பகல்வரை அந்த நீலக் கேனைத் தூக்கிக்கொண்டு குழாய்க்கும் வண்டிக்கும் நடந்தேன். நிறைந்த கேன் 26 கிலோவுக்கு மேல் கனக்கிறது, அந்த உயரத்தில் நூறு அடி நடப்பதற்குள் மூச்சு வாங்குகிறது. குளியல் என்பது ஒரு சொம்பு வெந்நீரில் நனைத்த துண்டோடு முடிந்தது. ஒரு வகையில் அதுவும் நல்லதுதான், ஏனென்றால் மேலே பயன்படுத்திய ஒவ்வொரு சொம்புத் தண்ணீரும் கீழே உள்ள கழிவுநீர்த் தொட்டியில்தான் சேரும், அதைக் காலி செய்ய அங்கே இடமில்லை.

இத்தனைக்கும், ஒரு பெரிய ஆற்றின் தலைக்கு மேல்தான் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். முகாமிலிருந்து சிறிது தொலைவில் உள்ள 'கேஸம் வியூ' என்ற காட்சிமுனையில் நின்று கீழே பார்த்தால், 1,800 அடிக்கும் அதிகமான ஆழத்தில் கன்னிசன் ஆறு வெள்ளை நூல்போலத் தெரிகிறது. எதிர்ச்சுவரோ சுமார் 1,100 அடி தொலைவில்தான் இருக்கிறது. அகலத்தைவிட ஆழம் அதிகம் என்பதால் வெயில் அடிவரை இறங்குவதில்லை, சில பகுதிகளில் ஒரு நாளைக்கு அரை மணி நேரம் வெயில் பட்டாலே அதிகம். பெயரில் உள்ள கறுப்பு அந்த நிழலின் கறுப்பு. கிராண்ட் கேன்யனைப் பார்த்தவர்கள் அந்தச் செம்பாறை அடுக்குகளை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். இங்கே இருப்பது சுமார் 170 கோடி ஆண்டுகள் பழமையான, சாம்பல் நிறக் கடும்பாறை; அதன் விரிசல்களில் உருகிய குழம்பு ஏறி இறுகிய இளஞ்சிவப்புக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. அந்தக் கோடுகளால் பெயர் பெற்ற 'பெயின்டட் வால்' 2,250 அடி உயரம், கொலராடோவின் மிக உயரமான செங்குத்துப் பாறை. இவ்வளவு கெட்டியான பாறையை ஆறு அறுத்ததற்குக் காரணம் அதன் சரிவு: 48 மைல் நீளமுள்ள இந்தப் பள்ளத்தாக்கில் கன்னிசன் இறங்கும் உயரம், மிசிசிப்பி 1,500 மைலில் இறங்குவதைவிட அதிகம். மேலே மூன்று அணைகள் கட்டி வேகத்தைக் குறைத்த பிறகும், அதன் இரைச்சல் விளிம்புவரை ஏறி வருகிறது.

அந்தத் தண்ணீரைத் தொட முடியுமா என்றால், எங்களால் முடியவில்லை. ஆற்றங்கரை வரை இறங்கும் ஈஸ்ட் போர்ட்டல் சாலையின் சரிவு 16 சதவீதம், 22 அடிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு அனுமதி இல்லை; எங்கள் வண்டி மூன்று அடி அதிகம். நடந்து இறங்கும் கன்னிசன் தடம் ஒரு மைல் தூரத்தில் 1,800 அடி இறங்குகிறது, இடையில் 80 அடிக்குச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும், அனுமதிச் சீட்டும் வேண்டும். 68 வயதான அம்மாவை மேலே விட்டுவிட்டு அதில் இறங்க எனக்கு மனம் வரவில்லை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். நாங்கள் ஆற்றுக்கு மேலே நின்றுகொண்டு சொம்புக்கணக்கு பார்த்துக்கொண்டிருந்தோம்.

இரண்டாம் நாள் பிற்பகல் தோல்வியை ஒப்புக்கொண்டு மான்ட்ரோஸ் இறங்கித் தொட்டியை நிரப்பினோம். சாலையோரக் கடையில் ஓலேத்தா இனிப்புச் சோளம் ஒரு டஜன் வாங்கினோம். இந்தச் சோளத்துக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. மான்ட்ரோஸும் ஓலேத்தாவும் இருக்கும் அன்கம்பாக்ரே பள்ளத்தாக்கு வறண்ட நிலம். பக்கத்து மலைக்கு அப்பால் ஓடும் கன்னிசனின் நீரைக் கொண்டுவர வழியிருக்கிறதா என்று பார்க்க, 1901-இல் ஆபிரகாம் லிங்கன் ஃபெல்லோஸ், வில்லியம் டாரன்ஸ் என்ற இருவர், காற்றடைத்த ரப்பர் மெத்தை ஒன்றோடு இந்த ஆற்றில் இறங்கி, ஒன்பது நாள்களில் 33 மைல் கடந்து உயிரோடு வெளியே வந்தார்கள். அதன் பிறகு மலையைக் குடைந்து 5.8 மைல் நீளச் சுரங்கம் வெட்டினார்கள். 1909 செப்டம்பர் 23 அன்று அதைத் திறந்துவைத்தவர் அப்போதைய அமெரிக்கக் குடியரசுத் தலைவர் டாஃப்ட். அந்தத் தண்ணீர் இன்றும் அந்த வயல்களுக்குப் பாய்கிறது. ஆகவே நாங்கள் தொட முடியாத ஆறு, மலைக்குள் புகுந்து, வயலில் ஏறி, சோளமாகி எங்கள் மேசைக்கு வந்துவிட்டது.

அதை வேகவைப்பதில்தான் அடுத்த பாடம். அந்த உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 92 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடுகிறது. முதல் நாள் திறந்த பாத்திரத்தில் வைத்த சோறு, முக்கால் மணி நேரத்துக்குப் பிறகும் நடுவில் அரிசியாகவே இருந்தது, அதற்குச் செலவான தண்ணீரை நினைத்து நான் வருந்தினேன். அம்மா பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்த மூன்று லிட்டர் குக்கரைக் கேலி செய்த நான், மறுநாளிலிருந்து வாயைத் திறக்கவில்லை. சமைத்த பிறகு எதையும் வெளியே விட்டுவைக்காதீர்கள். ஓக் கொட்டைகளைத் தேடிக் கருங்கரடிகள் வரும் காலம் அது.

இரவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் என் கேமரா அதைப் பிடிக்கவில்லை. 2015-இல் சர்வதேச இருண்ட வானப் பூங்காவாக அங்கீகாரம் பெற்ற இடம் இது. கேஸம் வியூவில் விளக்கை அணைத்துவிட்டு நின்றபோது, பால்வீதி எதிர்விளிம்பில் தொடங்கித் தலைக்கு மேல் போனது, காலடியில் ஆறு மட்டும் ஒலித்தது.

நீங்கள் போவதானால் ஒன்றை அறிந்து செல்லுங்கள். 2025 ஜூலை 10 அன்று மின்னலால் பற்றிய காட்டுத்தீ தெற்கு விளிம்பில் 4,000 ஏக்கருக்கு மேல் எரித்துவிட்டது. நான் காட்டும் இந்த ஓக் புதர்கள் அதற்கு முந்தையவை. எந்த வளையம் திறந்திருக்கிறது என்பதைப் பூங்காவின் அறிவிப்பில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

கடைசி நாள் காலை நாங்கள் மேசையை மடித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து இடத்துக்கு ஒரு முதிய தம்பதியர் எங்களுடையதைவிடச் சிறிய ஆர்.வி. ஒன்றில் வந்து நின்றார்கள். கிழக்கிலிருந்து வருகிறோம், மான்ட்ரோஸ் வரை போகவில்லை என்றார்கள். கேனில் பாதிக்கு மேல் தண்ணீர் இருந்தது. அதைக் கேனோடு அவர்கள் மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.