பொத்தையும் காடுதான்

பெரியோர்களே, தாய்மார்களே, புளியரைப் பக்கத்திலிருந்து வந்திருக்கும் விவசாயப் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

செங்கோட்டையிலிருந்து கோட்டைவாசல் வழியாக ஆரியங்காவுக்கு ஏறும் சாலையில் இரவு பத்து மணிக்கு மேல் நின்று பார்த்தவர்களுக்கு, நான் பேச வந்த விஷயத்தில் பாதி ஏற்கெனவே தெரியும். உடைகல்லும் ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய டாரஸ் லாரிகள் விடிய விடியக் கேரளத்துக்குப் போகின்றன. அவற்றில் போவது நம் பொத்தைகள். மலையடிவாரத்தில் தனித்து நிற்கும் பாறைக் குன்றை நெல்லைச் சீமையில் பொத்தை என்கிறோம். வருவாய்ப் பதிவேட்டில் அது பெரும்பாலும் கல்லாங்குத்து, தரிசு என்றே இருக்கும்.

நான் பள்ளியில் படித்த காலத்தில் எங்கள் ஊருக்கு மேற்கே இருந்த பொத்தைக்கு விறகு பொறுக்கப் போவோம். உச்சிக்குச் சற்றுக் கீழே கோடையிலும் வற்றாத சுனை ஒன்று உண்டு. இரண்டு குடம் தண்ணீருக்கு மேல் அதில் நிற்காது. அதன் ஓரத்து ஈரமண்ணில் மிளா, முள்ளம்பன்றி ஆகியவற்றின் தடங்களுக்கு நடுவே, சிறு பிள்ளையின் பாதம் பதிந்தது போல, ஆனால் விரல்களுக்கு முன்னால் நகக்கீறல்களோடு ஒரு தடம் இருக்கும். கரடியின் பின்னங்கால் தடம் அது. பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து உண்டான குகையில் பகலில் ஒதுங்கி, அங்கேயே குட்டி போட்டு, குட்டியை முதுகில் சுமந்துகொண்டு இரவில் கறையான் புற்றையும் அத்திப்பழத்தையும் தேனையும் தேடிப் போவது அதன் வாழ்க்கை. மேலே வரையாட்டுக்குச் செங்குத்துப் பாறை எப்படியோ, அடிவாரத்தில் கரடிக்குப் பொத்தை அப்படி. இன்று அந்த இடத்தில் நெட்டுக்குத்தான சுவர்களோடு ஒரு பெருங்குழியும் அதன் அடியில் பச்சைத் தண்ணீரும் இருக்கின்றன. தாகத்துக்கு இறங்கும் விலங்கு மேலே ஏற வழியில்லை. கரடி மாந்தோப்புக்குள் வந்துவிட்டது என்று நாம் பதறுகிறோம். பதறுவதும் நியாயம்தான், அடிபட்டவர்கள் நம் மக்கள். ஆனால் அதன் குகைக்கு வெடி வைத்ததும் நம் கண் முன்னால்தான் நடந்தது.

வெடியின் சேதம் குழியோடு நிற்பதில்லை. நம் காதுக்கு எட்டாத தாழ்ந்த ஒலியில் பல கிலோமீட்டர் தொலைவுக்குப் பேசிக்கொள்ளும் யானை, நிலத்தின் அதிர்வைப் பாதத்தாலேயே உணரக்கூடியது. கிரஷர் தூசி இலைகளில் படிகிறது; முதல் மழையில் அது சேறாகி ஓடையில் இறங்கி, ஈரப்பாறையில் ஒட்டி வளரும் தலைப்பிரட்டைகளை மூடிவிடுகிறது. கிளறிப்போட்ட மண்ணில் புல்லுக்கு முந்தி உண்ணிச்செடி முளைக்கிறது. அதை மேய எந்த விலங்கும் வருவதில்லை.

இவையெல்லாவற்றையும்விட என்னைக் கவலைப்படுத்துவது, குவாரியிலிருந்து பல மைல் தள்ளியிருக்கும் அந்தச் சாலைதான். தெற்கே அகத்தியமலைக் காடு, வடக்கே பெரியாற்றுக் காடு. இரண்டுக்கும் நடுவே மலை தாழ்ந்திருக்கும் ஒடுக்கமான இடைவெளியே செங்கோட்டைக் கணவாய். 1904இல் ரயில் வந்தது. பிறகு சாலையும் ரப்பர், தேக்குத் தோட்டங்களும் குடியிருப்புகளும் வந்தன. இருபுறத்து யானைகளும் ஒன்றோடொன்று கலக்கும் வழி ஏறக்குறைய அடைபட்டுவிட்டது. 2022இல் தமிழக அரசு அகத்தியமலையை யானைகள் காப்பகமாக அறிவித்தபோது நான் மிகவும் மகிழ்ந்தேன். ஆயினும் விலங்கு சாலையைக் கடக்கத் துணியும் நேரம் இரவு. அந்த இரவு முழுவதையும் லாரி வெளிச்சத்துக்கும் ஹாரனுக்கும் கொடுத்துவிட்டால், காப்பகத்து யானை காப்பகத்துக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கும்.

சட்டம் இல்லை என்று சொல்ல மாட்டேன். தேசியப் பூங்கா, சரணாலயம் ஆகியவற்றின் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுரங்கம் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் உறுதிப்படுத்தியது. தமிழக அரசும் 2021இல் இதே தூரத் தடையைக் காப்புக்காடுகளுக்கும் சேர்த்தே விதித்தது. ஆனால் 2022 டிசம்பரில் காப்புக்காடு என்ற சொல் விதியிலிருந்து நீக்கப்பட்டது. நம் பொத்தைகள் பல காப்புக்காட்டை ஒட்டியே நிற்பவை. ஒரு சொல்லை எடுத்ததால் அவற்றின் கதவு திறந்துவிட்டது என்பதே என் குற்றச்சாட்டு. அந்தச் சொல் திரும்ப வர வேண்டும்.

மூடினால் போதும், மலை தானே தேறிவிடும் என்பவர்களும் உண்டு. கர்நாடகத்துக் குதிரைமுகத்தில் உச்ச நீதிமன்ற ஆணைப்படி 2005இன் இறுதியில் இரும்புச் சுரங்கம் நின்றது. வெட்டிய மலைமுகடு திரும்பி வரவில்லை. காட்டை வெட்டினால் நூறாண்டில் ஏதோ ஒரு காடு வரும், குகையை வெட்டினால் வராது.

குவாரி அனுமதிக்கான அறிக்கை எழுதுபவர்கள் பகலில் ஒருமுறை வந்து போனால் கண்ணில் படுவது ஓணானும் மயிலும்தான். இரவிலும் கோடையிலும் மழைக்காலத்திலும் வந்து, ஆடு மேய்ப்பவர்களைக் கூட்டிக்கொண்டு அவர்கள் பாறை ஏற வேண்டும் என்று மாவட்ட நிர்வாகத்திடம் மனு எழுதியிருக்கிறோம். மனுவோடு சேர்க்கும் பட்டியலில் இதுவரை நான்கு குகைகளும் இரண்டு சுனைகளும் இருக்கின்றன. வாசலில் மேசை போட்டிருக்கிறோம். உங்கள் ஊர்ப் பொத்தையில் நீங்கள் பார்த்ததையும் அதில் எழுதிவிட்டுப் போங்கள்.