மூஸைச் சுட்டாச்சு, 225 கிலோ இறைச்சியை யார் தூக்குவது? | அலாஸ்கா வேட்டை

(திரையில்: செப்டம்பர் மாத அலாஸ்கா, ஆற்றோரப் புதர்க்காடு)

சுற்றிலும் கடுங்குளிர். ஆனாலும் சுட்டு வீழ்த்திய மூஸ் மானின் தொடை உள்ளுக்குள் கெட ஆரம்பித்துவிட்டது. எப்படி?

பெரிய ஆண் மூஸ் 700 கிலோவைத் தாண்டும். உண்ணத்தக்க இறைச்சியே சுமார் 225 கிலோ தேறும். பல இடங்களுக்குச் சாலை கிடையாது. குட்டி விமானமோ படகோதான்.

சரி, அந்தத் தொடைக்கு வருவோம். மூஸின் ரோமத்துக்குள் காற்று அடைபட்டிருக்கும். குளிரில் அதன் உயிரைக் காத்த அதே தோல், செத்த பிறகு கனத்த கம்பளி போர்த்தியது மாதிரி சூட்டை வெளியே விடாது. அதோடு, வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் தின்ற இலைதழையை நொதிக்க வைத்து மேலும் சூட்டைக் கிளப்பும். இடுப்பு மூட்டைச் சுற்றிச் சதை ரொம்பத் தடிமன். சூடு கடைசியாக இறங்குவது அங்கேதான். மேலே தொட்டால் சில்லென்று இருக்கும், எலும்போரம் நாற்றமெடுத்திருக்கும். எனக்கு இதுதான் பெரிய ஆச்சரியம்!

அதனால் புகைப்படமெல்லாம் அப்புறம். உடனே குடலை எடுத்து, தோலுரித்து, கால்களைத் தனித்தனியாகப் பிரிக்க வேண்டும். காற்றுப் புகும் துணிப்பையில் போட்டு நிழலில் தொங்கவிட்டால் மேல்பரப்பு காய்ந்து பொருக்குக் கட்டும். ஈ முட்டையிடுவது குறையும். பிளாஸ்டிக் பை கூடவே கூடாது. தண்ணீரில் நிற்கும் மூஸைச் சுடவும் கூடாது; அவ்வளவு கனத்தை யார் கரைக்கு இழுப்பது?

இப்போது ஒரு கணக்கு. தனியாளாக ஒரு நடைக்கு 35 கிலோ தூக்கினால் 7 நடை. முகாம் 5 கிலோமீட்டர் தள்ளி என்றால், போக வர மொத்தம் 65 கிலோமீட்டர் (கடைசி நடையில் திரும்பி வர வேண்டியதில்லை). அதுவும் சேற்றில், கரடி மோப்பம் பிடிக்கும் காட்டில்!

பாதியை விட்டுவிட்டு வரலாமா? முடியாது. அலாஸ்கா சட்டப்படி கழுத்து, விலா எலும்புச் சதை உட்பட அத்தனையையும் எடுத்தாக வேண்டும். வீணாக்கினால் குறைந்தது 7 நாள் சிறை, 2,500 டாலர் அபராதம். எனக்கு மிகவும் பிடித்த விதி இன்னொன்று: இறைச்சியைக் காட்டில் விட்டுவிட்டுக் கொம்பை முதலில் கொண்டுபோக முடியாது. உயிரை எடுத்தவருக்கு இந்தக் கண்டிப்பு நியாயம்தான் என்பேன்.

நீங்கள் சொல்லுங்கள்: முகாமிலிருந்து 5 கிலோமீட்டர் தள்ளி, மாலை வெளிச்சம் மங்கும் நேரத்தில் மூஸ் நிற்கிறது. கூட ஆளில்லை. சுடுவீர்களா? கமெண்டில் எழுதுங்கள்.