சின்னக் கூடத்துக்கு எந்த மைக்செட்?

வணக்கம் நேயர்களே. ஐம்பது அறுபது பேர் உட்காரும் கூடத்தில் பாடுகிறவர்கள், சொந்தமாக ஒரு மைக்செட் வாங்கப் போனால் முதலில் கேட்பது "எத்தனை வாட்ஸ்?" என்றுதான். விற்கிறவரும் பெரிய எண்ணாகச் சொல்வார். அந்த எண்ணுக்கு இவ்வளவு மரியாதை தேவையில்லை என்பது என் கட்சி.

வாட்ஸை இரண்டு மடங்காக்கினால் ஒலி கூடுவது 3 டெசிபல்தான். கொஞ்சம் கூடியிருக்கிறதோ என்று தோன்றும், அவ்வளவே. இரண்டு மடங்கு சத்தமாகக் காதில் விழ ஏறக்குறைய 10 டெசிபல் கூட வேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாட்ஸ் ஆகும். அதிலும் ஸ்பீக்கர் பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் போட்டிருப்பது பெரும்பாலும் கண நேரம் தாங்கும் உச்ச அளவு. தொடர்ந்து தருவது அதில் பாதியாகவோ இன்னும் குறைவாகவோ இருக்கும்.

சரி, அப்படியானால் எதைப் பார்ப்பது? சின்னக் கூடத்தில் நம்மைக் கட்டிப்போடுவது மைக் கத்துவதுதான். ஸ்பீக்கரில் வந்த ஒலி திரும்ப மைக்குக்குள் நுழைந்து, பெருகி, மறுபடி ஸ்பீக்கரில் வந்து, கூ என்று ஊளையிடும். சுவர் பக்கம், கூரை தாழ்வு, ஸ்பீக்கர் பாடகருக்கு எட்டும் தூரத்தில். பெட்டி தன் முழுத் திறனைக் காட்டுவதற்கு வெகு முன்பே மைக் கத்திவிடும்.

இதற்கு மருந்து பெட்டியில் இல்லை, மைக்கில் இருக்கிறது. வாய்க்கும் மைக்குக்கும் இடையே 20 சென்டிமீட்டர் இருப்பதை 10 ஆக்குங்கள். குரல் 6 டெசிபல் கூடிவிடும். நான்கு மடங்கு வாட்ஸ் வாங்கியதற்குச் சமம், காசு செலவில்லாமல். வாட்ஸைக் கூட்டுவதால் கத்தல் அடங்காது. பாடுகிறவர் கிட்டே வந்தால் மைக்கைத் திறக்க வேண்டிய அளவே குறைந்துவிடும். கிட்டே வரும்போது குரலில் அடித்தொண்டை கொஞ்சம் தடிக்கும். மைக்குகளின் ஒலியைக் கலந்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் மிக்சரில், 80 அல்லது 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அடி ஒலியை வெட்டும் பொத்தான் இருந்தால் அதை அழுத்திவிடலாம்.

மைக்கிலும் வகை பார்க்க வேண்டும். முன்பக்க ஒலியையே முக்கியமாக வாங்கும் கார்டியாய்டு மைக்குக்கு நேர் பின்னால் காது மந்தம்; ஆகவே பாடகர் தன் குரலைக் கேட்க வைக்கும் ஸ்பீக்கரை, அதாவது மானிட்டரை, அந்தப் பின்பக்கத்தில் வைக்கலாம். முன்பக்கத்தை இன்னும் குறுக்கிக் கேட்கும் சூப்பர்கார்டியாய்டுக்கு நேர் பின்னால் கொஞ்சம் கேட்கும். பின்பக்கமாகச் சாய்ந்த இரு பக்கவாட்டிலும்தான், முன்பக்கத்திலிருந்து ஏறக்குறைய 125 டிகிரியில், அதற்கு மந்தம். மானிட்டரை அங்கே நகர்த்த வேண்டும். மைக்கின் தலையைக் கையால் பொத்திக்கொண்டு பாடினால் இந்தக் கணக்கு எதுவும் நடக்காது. பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

அப்புறம் ஸ்பீக்கர். ஒருவர், இருவர் பாடும் கச்சேரிக்கு தூண்போல ஒல்லியாக உயர்ந்து நிற்கும் 'காலம்' (column) ஸ்பீக்கர் நன்றாகப் பொருந்தும். ஒலியைக் கூரைக்கும் தரைக்கும் இறைக்காமல் பக்கவாட்டில் பரப்பும்; முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் சத்த வித்தியாசமும் குறைவு. பாடகருக்குப் பின்னால் வைத்து அதையே மானிட்டராகவும் பயன்படுத்தலாம் என்று சொல்லி விற்கிறார்கள். ஒரு மைக், இரண்டு மைக்குக்கு அது உண்மை. ஐந்து மைக் திறந்திருக்கும் மேடையில் அதை நம்ப மாட்டேன். அங்கே பத்து அல்லது பன்னிரண்டு அங்குலப் பெட்டிகள் இரண்டை ஸ்டாண்டில் ஏற்றி, பாடகருக்கு முன்னால் வைப்பதுதான் நல்லது. உட்கார்ந்திருப்பவர்களின் தலைக்கு மேலே இருக்கட்டும். கீழே வைத்தால் உச்ச ஒலிகளை முன்வரிசை ஆட்களே உறிஞ்சிவிடுவார்கள்; பின்னால் இருப்பவருக்குச் சொல் புரியாது. பதினைந்து அங்குலம் வேண்டாமா என்றால், பெரிய டிரம்மோ பேஸ் கிட்டாரோ இல்லாதவரை வேண்டாம். சாதாரண கிட்டாரின் அடித்தந்தியே 82 ஹெர்ட்ஸ்தான். அதை நல்ல பத்து அங்குலப் பெட்டி தாங்கும்.

மிக்சர் வாங்கும்போது சேனல் எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. எட்டுச் சேனல் என்று எழுதியிருக்கும், மைக் சொருகும் இடம் நான்கே இருக்கும். மீதி கீபோர்டு போன்றவற்றுக்கு. குழுவுக்குத் தேவையானதை எண்ணி, மேலே இரண்டு சேர்த்துக்கொள்ளுங்கள். மின்சாரம் கொடுத்தால்தான் வேலை செய்யும் கண்டென்சர் மைக் வைத்திருந்தால், அதை மைக் கம்பி வழியாகவே தரும் 48 வோல்ட் ஃபேண்டம் பவர் மிக்சரில் வேண்டும். வயலினிலோ கிட்டாரிலோ அதிர்வை மின் சைகையாக்கும் பீசோ பிக்கப் ஒட்டியிருந்தால், நேராக மிக்சரில் சொருகும்போது ஒலி மெலிந்து தகரம்போல் வரலாம். இடையில், அந்தச் சைகையை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் டிஐ பாக்ஸ் ஒன்று தேவை. மானிட்டருக்குத் தனியாக ஒலி அனுப்ப ஆக்ஸ் என்ற வெளிவழி ஒன்றாவது இருக்கட்டும். டேப்லட்டில் இயக்கும் டிஜிட்டல் மிக்சர்கள் இப்போது நிறைய வந்துவிட்டன. கூட்டத்தில் உட்கார்ந்து கேட்டபடியே சரிசெய்ய ஓர் ஆள் இருந்தால் அவை அருமை. பாடிக்கொண்டே தானே திருகுகிறவருக்கு கையில் அகப்படும் குமிழ்கள்தான் சௌகரியம்.

முடிந்தால் வாங்குவதற்கு முன் அதே மாடலை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, உங்கள் மைக்கை வைத்துப் பாருங்கள். கத்தத் தொடங்கும் வரை ஏற்றி, சற்றே இறக்கி, பின்வரிசைவரை நடந்து கேளுங்கள். பாட்டை நிறுத்திவிட்டு ஒரு நிமிடம் சும்மாவும் கேளுங்கள், ஏனென்றால் சில பெட்டிகளுக்குள் சூடு தணிக்க விசிறி இருக்கும். மெதுவான ஆலாபனையில் அதன் இரைச்சல் முன்வரிசைக்கு எட்டும். கடைசியாக, பெட்டியைத் தனி ஆளாகத் தூக்கி ஸ்டாண்டில் மாட்டிப் பாருங்கள். கச்சேரி முடிந்து மற்றவர்கள் கிளம்பிய பிறகு அதை இறக்கப்போவது பெரும்பாலும் நீங்கள்தான்.