நாய் இனங்களும் அவற்றின் சொந்த ஊரும்: பேப்பர் ஒன்று சொல்லும், உடம்பு ஒன்று சொல்லும்

(திரையில்: உலக வரைபடம். நார்வேயின் வடக்குக் கரை பெரிதாகி நெருங்கி வருகிறது.)

வணக்கம். நார்வே நாட்டின் வடக்கே லோஃபோட்டன் என்று ஒரு தீவுக்கூட்டம், அதன் தென்பகுதியில் வேரோய் என்று ஒரு தீவு, அந்தத் தீவில் மோஸ்டாட் என்று ஒரு குட்டிக் கிராமம். கடலை ஒட்டி மலை செங்குத்தாக எழுந்து நிற்கும். அந்தப் பாறை இடுக்குகளில்தான் பஃபின் என்ற கடல்பறவை கூடு வைத்துக் குஞ்சு பொரிக்கும். ஊர்க்காரர்களுக்கு அந்தப் பறவை குளிர்காலத்துக் கறி, அதன் இறகு விலைபோகும் சரக்கு. ஆனால் கூடு இருக்கும் இடுக்கு ஆள் கை போகாத ஆழம். அதற்குள் ஊர்ந்து போய்ப் பறவையை உயிரோடு கவ்விக்கொண்டு வருவதற்கென்றே அவர்கள் ஒரு நாயை வளர்த்தார்கள். லுண்டேஹுண்ட் என்பது அதன் பெயர்.

(திரையில்: லுண்டேஹுண்ட் பாதத்தின் படம், விரல்கள் ஒவ்வொன்றாக ஒளிர்கின்றன.)

இந்த நாயின் உடம்பைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். ஒவ்வொரு காலிலும் ஆறு விரல், வழுக்குப் பாறையில் பற்றி ஏறுவதற்கு. முன்னங்கால் இரண்டையும் பக்கவாட்டில் அப்படியே விரிக்கும், இடுக்கில் சறுக்கினால் இரண்டு பக்கமும் ஊன்றிக்கொள்ள. தலையைப் பின்னால் வளைத்தால் முதுகைத் தொட்டுவிடும், ஏனென்றால் பொந்துக்குள் திரும்ப இடம் இருக்காது. காதை மடித்துத் துளையை மூடிக்கொள்ளும், மண்ணும் ஈரமும் உள்ளே போகாது. ஒரே ஒரு ஊரின் பாறையும் ஒரே ஒரு வேலையும் சேர்ந்து ஒரு நாயின் எலும்பு வரைக்கும் மாற்றியிருக்கிறது.

அப்புறம் என்ன ஆயிற்று? பறவை பிடிக்க வலை வந்தது, நாய்க்கு வேலை போயிற்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் டிஸ்டெம்பர் என்ற நாய்த் தொற்றுநோய் அந்தத் தீவுக்குள் புகுந்து கிட்டத்தட்ட எல்லாவற்றையும் கொன்றுபோட்டது. எஞ்சியவை விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். இன்றைக்கு உலகத்தில் இருக்கும் லுண்டேஹுண்ட் எல்லாமே அந்தச் சில நாய்களின் வழிவந்தவை. அதனால் ரத்த உறவுக்குள்ளேயே திரும்பத் திரும்ப இணை சேர்ந்து, குடல் சத்தை உறிஞ்ச முடியாமல் போகும் ஒரு நோய் இந்த இனத்தில் பரவிக் கிடக்கிறது. நார்வேக்காரர்கள் இப்போது பக்கத்து நார்டிக் நாய் இனங்களோடு கலந்து புது ரத்தம் கொண்டுவரப் பார்க்கிறார்கள். "தூய இனம் கெட்டுப்போகும்" என்று இதற்கு எதிர்ப்புச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நாய் உயிரோடு இருந்தால்தானே இனம் என்ற பேச்சே.

சரி, இந்த வீடியோவை ஏன் இந்த நாயிலிருந்து தொடங்கினேன் என்றால், "இந்த நாய் எந்த நாடு?" என்ற கேள்விக்கு இரண்டு விதமான பதில் உண்டு என்பதை நீங்கள் பார்க்க வேண்டும். ஒன்று இனப் பதிவுப் பேப்பரில் இருக்கும் நாடு. இன்னொன்று அந்த நாயின் உடம்பை உண்டாக்கிய மண். குட்டி வாங்கப் போகிறவர்கள் முதலாவதைத்தான் கேட்கிறார்கள், அதுவும் பெருமைக்காக. அந்த நாய் உங்கள் வீட்டில் நன்றாக இருக்குமா என்று சொல்வது இரண்டாவதுதான்.

(திரையில்: சைபீரியாவின் வடகிழக்கு முனை, பெரிங் கடல், அலாஸ்கா.)

சைபீரியன் ஹஸ்கியை எடுத்துக்கொள்வோம். ரஷ்யாவின் வடகிழக்கு மூலையில் வாழும் சுக்சி மக்கள் வளர்த்த நாய் இது. வேட்டைக்குப் போய் வரவும் சாமான் ஏற்றவும் பனிச்சறுக்கு வண்டி இழுக்க வேண்டும், ஒரு நாள் முழுக்க ஓட வேண்டும், ஆனால் தீனி குறைவாகத் தின்ன வேண்டும், ஏனென்றால் அந்த ஊரில் தீனி என்பதே அருமை. 1900களின் தொடக்கத்தில் இந்த நாய்களைப் பெரிங் கடல் தாண்டி அலாஸ்காவுக்குக் கொண்டுபோனார்கள். 1925 ஜனவரியில் நோம் என்ற ஊரில் தொண்டை அடைப்பான் நோய் பரவியபோது, மருந்தை ரயில் நிற்கும் நெனானாவிலிருந்து நோமுக்கு, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல், 20 வண்டியோட்டிகள் மாற்றி மாற்றி நாய் வண்டியிலேயே கொண்டுசேர்த்தார்கள். ஐந்தரை நாளில். கடைசிக் கட்டத்தை ஓடிய பால்டோ என்ற நாய்க்கு அதே ஆண்டு நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் சிலை வைத்தார்கள். எல்லோரையும்விட நீண்ட, ஆபத்தான தூரத்தை ஓடியது டோகோ என்ற நாய், லெயன்ஹார்ட் செப்பாலா என்ற வண்டியோட்டியின் வண்டியில் முன்னால் ஓடிய தலைமை நாய். அந்தப் பெயரையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அந்த உடம்பில் ரோமம் இரண்டு அடுக்கு. உள்ளே பஞ்சு மாதிரி அடர்ந்த ஒன்று, வெளியே நீளமான ஒன்று. இந்த நாயைத்தான் சித்திரை வெயிலில், மூன்றாவது மாடியில், காலையில் பத்து நிமிடம் வெளியே கூட்டிப் போகும் வீட்டில் வளர்க்கிறோம். ஏசி போட்டால் சூடு தணியும், ஒத்துக்கொள்கிறேன். ஓட வேண்டும் என்ற அதன் வேகத்துக்கு ஏசி எதுவும் செய்யாது. அது சோபாவைக் கிழிக்கிறது, ராத்திரி ஊளையிடுகிறது, அப்புறம் "அடங்காத நாய்" என்று பெயர் வாங்கித் தெருவில் விடப்படுகிறது. நாயின் மேல் ஒரு குற்றமும் இல்லை.

செயிண்ட் பெர்னார்ட் கதையும் பனிதான். சுவிட்சர்லாந்துக்கும் இத்தாலிக்கும் நடுவே, 2,400 மீட்டருக்கு மேலான உயரத்தில் ஒரு கணவாய், அங்கே வழிப்போக்கர்களுக்குத் துறவிகள் நடத்தும் சத்திரம். பனியில் புதைந்தவர்களை மோப்பம் பிடிக்க அங்கே நாய் வளர்த்தார்கள். பாரி என்ற நாய் 40 பேருக்கு மேல் காப்பாற்றியதாகச் சொல்வார்கள், 1814இல் இறந்த அதன் உடலைப் பாடம் செய்து பெர்ன் நகர அருங்காட்சியகத்தில் இன்றும் வைத்திருக்கிறார்கள். கழுத்தில் பிராந்தி பீப்பாய் என்பது ஓவியத்திலிருந்து பரவிய கற்பனை. கவனிக்க வேண்டியது வேறு. பாரி இன்றைய செயிண்ட் பெர்னார்டைவிட மிகச் சிறியது. பிற்காலத்தில் நியூஃபவுண்ட்லாந்து நாயோடு கலந்ததில் நீள ரோமம் வந்தது, அதில் பனிக்கட்டி ஒட்டிக்கொண்டு நாயால் நடக்கவே முடியவில்லை. அதாவது அந்தக் கணவாய்க்கே உதவாத ஒரு நாயைத்தான் உலகம் அழகு என்று வாங்கிக்கொண்டது.

(திரையில்: காங்கோ நதிப் படுகை, அடர்ந்த காடு.)

வெயில் நாட்டு நாயும் உண்டு. காங்கோ காட்டின் பசென்ஜி குரைக்காது. ஊமை இல்லை, பாட்டு மாதிரி ஒரு தினுசான சத்தம் போடும். வேட்டையில் இது விலங்கை வலையை நோக்கி விரட்டும், சத்தம் போடாததால் நாய் எங்கே ஓடுகிறது என்று தெரிய அதன் கழுத்தில் மணி கட்டிவிடுவார்கள். மற்ற வளர்ப்பு நாய் இனங்கள் பெரும்பாலும் ஆண்டுக்கு இரண்டு முறை பருவத்துக்கு வரும், இது ஒரே முறை.

துருக்கியின் சிவாஸ் மாகாணத்தில் காங்கல் என்ற வட்டாரம். அங்கே ஆட்டு மந்தையோடு பிறந்து மந்தையோடே வளரும் காவல் நாய், ஓநாய் கழுத்தைக் கவ்வாமல் இருக்க முள் வைத்த பட்டை போட்டிருக்கும். இந்த வகைக் காவல் நாய்களை நமீபியாவில் சிறுத்தைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று 1994 முதல் கால்நடை வளர்ப்பவர்களுக்குக் கொடுத்துவருகிறது. இங்கே சிறுத்தை என்று சொல்வது மரம் ஏறும் சிறுத்தையை அல்ல, வேகமாக ஓடும் சீட்டாவை. நாய் மந்தைக்கு முன்னால் நின்று குரைத்தாலே சீட்டா விலகிப் போய்விடும், ஆடு பிழைக்கும், விவசாயி துப்பாக்கியை எடுக்க மாட்டார், சீட்டாவும் பிழைக்கும். அனடோலிய மேட்டுநிலத்து வறட்சியில் உருவான உடம்பு ஆப்பிரிக்காவின் வறண்ட நிலத்தில் தாக்குப்பிடிக்கிறது. ஒரு நாயை நாடு விட்டு நாடு கொண்டுபோவதென்றால் இப்படி யோசித்துக் கொண்டுபோக வேண்டும்.

(திரையில்: ஒரு பழைய நாய்க் கண்காட்சியின் ஓவியம்.)

இப்போது பேப்பருக்கு வருவோம். நாய்க்கு "இனம்" என்று பதிவேடு போட்டு, வால் இவ்வளவு, காது இப்படி என்று எழுதிவைக்கும் வழக்கம் அப்படி ஒன்றும் பழையது இல்லை. 1859இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் நடந்த கண்காட்சியிலிருந்துதான் நவீன நாய்க் கண்காட்சியைக் கணக்கு வைக்கிறார்கள். 1873இல் அங்கே நாய் இனங்களைப் பதிவு செய்யும் கென்னல் கிளப் வந்தது. 1911இல் ஜெர்மனி, ஆஸ்திரியா, பெல்ஜியம், பிரான்ஸ், நெதர்லாந்து ஐந்தும் சேர்ந்து எஃப்சிஐ என்ற உலக அமைப்பைத் தொடங்கின. அதன் பட்டியலில் சுமார் 350 இனங்கள் உண்டு. ஓர் இனம் எந்த நாட்டு இனம் என்று எழுதப்படுகிறதோ, அந்த நாடுதான் அந்த இனத்தின் அளவுகோலை எழுதும். ஆக "எந்த நாடு" என்பது அங்கே வெறும் தகவல் இல்லை, அதிகாரம்.

இதில் எத்தனை விசித்திரம் என்று பாருங்கள். லாப்ரடார் என்பது கனடாவில் ஒரு பகுதி. ஆனால் இந்த நாயின் மூதாதை அங்கிருந்து வரவில்லை, அதற்குத் தெற்கே இருக்கும் நியூஃபவுண்ட்லாந்து தீவிலிருந்து வந்தது. மீனவர்களோடு படகில் போய், குளிர்ந்த கடலில் குதித்து, கயிறையும் வலையையும் தப்பிய மீனையும் கவ்விக்கொண்டு வந்த கறுப்பு நாய் அது. மீன் கப்பலில் அது இங்கிலாந்தின் பூல் துறைமுகத்துக்கு வர, மாம்ஸ்பரி பிரபுவும் பக்ளூ பிரபுவும் வாங்கி, சுட்ட வாத்தை எடுத்துவரப் பழக்கி, தலைமுறை தலைமுறையாக வளர்த்தார்கள். 1903இல் இங்கிலாந்து கென்னல் கிளப் தனி இனமாக ஏற்றது, எஃப்சிஐ பேப்பரில் நாடு பிரிட்டன். அந்த மீனவர் நாயோ, சொந்தத் தீவில் நாய்க்கு வரி, கட்டுப்பாடு என்று போட்டதில் குறைந்துகொண்டே போய் 1980களில் அடியோடு அற்றுப்போனது. உங்கள் வீட்டு லாப்ரடார் தண்ணீர் டப்பாவைக் கண்டால் காலை விட்டு அளைவதும், செருப்பைக் கவ்விக்கொண்டு வந்து நிற்பதும் அந்த மீனவர்களின் சொத்து. பேப்பரில் அவர்கள் பெயரே இல்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

கிரேட் டேன் டென்மார்க் நாய் இல்லை, ஜெர்மனி. காட்டுப்பன்றி வேட்டைக்கு வளர்த்தது. ஜெர்மன் ஷெப்பர்ட் 1899இல் மாக்ஸ் ஃபொன் ஸ்டெஃபானிட்ஸ் என்ற ராணுவ அதிகாரி ஒரு கண்காட்சியில் வாங்கிய ஒரே ஆண் நாயிலிருந்து தொடங்கிய இனம். முதல் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மனி என்ற பெயரே ஆகாது என்று பிரிட்டனில் அல்சேஷன் ஆக்கினார்கள், 1977 வரை அங்கே அதுவே இருந்தது. நம் ஊரில் தாத்தா பாட்டி எல்லாம் அல்சேஷன் என்றே சொல்வது அந்தப் போரின் மிச்சம். ஜப்பானின் அகிடா இன்னொரு கூத்து. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்கச் சிப்பாய்கள் கொண்டுபோய் வளர்த்தது வேறு மாதிரி ஆகிவிட, எஃப்சிஐ இப்போது அகிடா, அமெரிக்க அகிடா என்று இரண்டு இனமாகவே வைத்திருக்கிறது.

(திரையில்: விருதுநகர், தூத்துக்குடி, தேனி மாவட்டங்கள்.)

கடைசியாக நம் பக்கம். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை. தெற்கத்திக் கரிசலிலும் மலையடிவாரத்திலும் உருவான நாய்கள். சிப்பிப்பாறையையும் கன்னியையும் பாருங்கள், ஒட்டிய வயிறு, நீண்ட கால், தோலோடு ஒட்டிய ரோமம். முயல் விரட்ட ஏற்ற உடம்பு, முயல் வேட்டை இன்றைக்குச் சட்டப்படி கூடாது என்றாலும். ராஜபாளையத்துக்கு 2005இல் தபால் தலை வந்தது, கென்னல் கிளப் ஆஃப் இந்தியா (கேசிஐ) பதிவும் செய்கிறது, ஆனால் எஃப்சிஐ பட்டியலில் இடம் இல்லை. இருக்கட்டும், அதைவிட அவசரமான விஷயம் ஒன்று இருக்கிறது.

ராஜபாளையம் என்றால் சுத்த வெள்ளை, மூக்கு ரோஸ் என்று கேட்டு வாங்குகிறோம் இல்லையா, அந்த ஆசைதான் சிக்கல். ரோமத்துக்கு நிறம் தரும் செல் உள்காதிலும் இருக்க வேண்டும், அது இல்லாமல் போனால் கேட்கும் திறன் குட்டிப் பருவத்திலேயே போய்விடும். குரோஷியாவின் டால்மேஷனிலும் இதே பிரச்சினை உண்டு. அந்த இனத்தில் குட்டிகளின் மூளை அலையை வைத்துக் கேட்கும் சோதனை செய்து, செவிடானவற்றை இனப்பெருக்கத்துக்கு விடாமல் ஒதுக்கும் வழக்கம் பல நாடுகளில் இருக்கிறது. ராஜபாளையத்துக்கும் அது வேண்டும்.

குட்டி பார்க்கப் போனால் ப்ரீடரிடம் கேசிஐ பேப்பரைக் கேட்பதோடு நிறுத்தாதீர்கள், தாயையும் தகப்பனையும் காட்டச் சொல்லுங்கள், இரண்டுக்கும் காது கேட்கிறதா என்று கேளுங்கள். குட்டிகள் கொத்தாகத் தூங்கினால் ஒன்று எழுந்து மற்றதை எழுப்பிவிடும், அதனால் ஒவ்வொன்றையும் தனியே எடுத்து, அது உங்களைப் பார்க்காதபோது பின்னாலிருந்து சாவிக்கொத்தை ஆட்டிப் பாருங்கள். தரையில் காலைத் தட்டாதீர்கள், அதிர்வை உணர்ந்து திரும்பிவிடும். இரண்டு காதில் ஒன்று மட்டும் கேட்காவிட்டால் இந்த வழியில் தெரியாது, அதற்குக் கால்நடை மருத்துவரிடம் சோதனை பற்றி விசாரியுங்கள். ராஜபாளையமோ கன்னியோ தலைமுறையாக வளர்க்கும் குடும்பத்தில் யாராவது இதைப் பார்த்துக்கொண்டிருந்தால், உங்கள் பக்கத்தில் குட்டியை எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்று கமெண்டில் எழுதுங்கள், அடுத்த வீடியோ அதைப் பற்றித்தான்.