பன்னிரண்டே படம்

அனைவருக்கும் வணக்கம். மும்பை மாட்டுங்காவில் தமிழில் பேச ஒரு மேடை. ஃபிலிம் சுருளைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

என்னிடம் இருப்பது அப்பாவின் அக்ஃபா கிளிக் 3. பரோடாவில் செய்த கேமரா. ‘120’ என்ற அளவு ஃபிலிம் போட்டால் 12 படம், அவ்வளவுதான். ஒவ்வொரு படத்துக்கும் பிறகு, பின்பக்கத்துச் சின்னச் சிவப்பு ஜன்னலில் அடுத்த எண் தெரியும் வரை சுருளைத் திருக வேண்டும். அப்பா காலத்தில் நம் ஊட்டியிலேயே ‘இந்து’ ஃபிலிம் செய்தார்கள். 1967-ல் உற்பத்தி தொடங்கிய அந்த ஆலை மூடிக் கிடக்கிறது. இன்று வெளிநாட்டுச் சுருள்தான். விலையை நினைத்தால் விரல் தயங்கும். அந்தத் தயக்கம் எனக்கு வேண்டும்.

போன பொங்கலுக்குத் தாராவி 90 அடி சாலைக்குப் போனேன். ரோட்டோரம் வரிசையாக அடுப்பு, பானை, புகை. கேமராவைத் தூக்கியதும் ஓர் ஆச்சி கையமர்த்தினார்: “பொங்கட்டும்யா, அப்புறம் எடு.” சரி என்று நின்றேன். நின்றதால் பேச்சு வளர்ந்தது. திருநெல்வேலிப் பக்கம் பிறந்தவர். கல்யாணமாகி இங்கே வந்தவர். கணவர் தோல் பட்டறையில் வேலை பார்த்திருக்கிறார்.

உள்ளே போய் டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு படம் கொண்டுவந்தார். ஸ்டூடியோ நாற்காலியில் கை வைத்தபடி கணவர். போட்டிருக்கும் கோட்டு ஸ்டூடியோக்காரருடையது. ஒரு பிரதி ஊருக்குப் போனதாம். “பிள்ளை நல்லா இருக்கான்னு அவுக ஆத்தா பாக்கணும்லா.” இங்கே தங்கிய பிரதியில், மும்பை மழை ஈரத்தில் கன்னமெல்லாம் பூஞ்சை. கோட்டுப் பொத்தான்கள் மட்டும் இன்னும் தெளிவாக இருக்கின்றன. மும்பைத் தமிழன் யார் என்று என்னைக் கேட்டால் அந்த இரவல் கோட்டைத்தான் காட்டுவேன். பட்டறையில் பட்ட பாடு படத்தில் இல்லை. ஊர் கவலைப்படக் கூடாது என்கிற அக்கறை இருக்கிறது.

பானை பொங்கியது. குலவைச் சத்தம். இடித்துக் கட்டப்போகிறார்கள் என்ற பேச்சு அங்கே வீட்டுக்கு வீடு ஓடுகிறது. அதனால்தானோ என்னவோ, “வாசப்படி விழுதா?” என்று மூன்று முறை கேட்டார். இன்னும் இரண்டடி பின்னால் போனேன். வாசற்படியும் படத்தில் விழுந்தது.

பிரிண்ட் போடும் முன்பே நெகட்டிவை எடுத்துக்கொண்டு போனேன். டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். நெகட்டிவில் வெள்ளையெல்லாம் கறுப்பாகத் தெரியும். “ஏட்டி, இங்க வா,” என்று பேத்தியைக் கூப்பிட்டார். “ஆச்சிக்கு முடியெல்லாம் கறுத்திருக்கு பாரு.”