‘நாடன், நாஞ்சில்’ என்று ஏற்றினால் யார் கண்டுபிடிப்பது?

வணக்கம் மக்களே. நூலக மென்பொருள், கருவி இதுகளுக்கு மதிப்புரை போடுகிற ஒரு சின்ன இதழை இங்கே மார்த்தாண்டத்தில் உட்கார்ந்து எடிட் பண்ணுகிறேன் என்றால், “நல்லாயிருக்கு, இல்லன்னு ரெண்டு வரிதானே, அதில் எடிட் பண்ண என்ன இருக்கு?” என்று கேட்கிறார்கள். அந்த ரெண்டு வரிதான் எனக்குத் தலைவலி. “பயன்படுத்த எளிது, எல்லா வசதியும் உண்டு” என்று எழுதி அனுப்புவார்கள், கம்பெனி நோட்டீசை எடுத்துப் பார்த்தால் அதே வரி அங்கே இருக்கும். வெட்டிவிட்டு ஒரே கேள்விதான் திருப்பி அனுப்புவேன்: நம்மூர்ப் புத்தகத்தின் விவரத்தை அந்த மென்பொருளில் ஏற்றிப் பார்த்தீர்களா?

டெமோவில் எப்போதும் ஆங்கிலப் புத்தகம்தான் காட்டுவார்கள், அதில் எல்லாம் சரியாகத்தான் வரும். நாஞ்சில் நாடன் பெயரை ஏற்றச் சொல்லுங்கள். குடும்பப் பெயரை முன்னால் போட்டுக் கமா வைத்துப் பழகினவர் ‘நாடன், நாஞ்சில்’ என்று அடித்துவிடுவார், நாஞ்சில் நாட்டுக்காரனே எழுத்தாளர் வரிசையில் தேடினாலும் அவர் கிடைக்கமாட்டார். புத்தக விவரத்தைக் கணினியில் பதிகிற பொது முறையான மார்க் 21இல் இதற்கு வழி இருக்கிறது: ஆசிரியர் பெயர் போகிற 100 டேக்கில் முதல் இண்டிகேட்டர் (பெயர் எந்த வகை என்று சொல்லும் குறி எண்) 0 என்றால் பெயர் உள்ளபடியே நிற்கும், 1 என்றால் குடும்பப் பெயர் முன்னால் வருகிறது என்று பொருள். ஆனால் உள்ளீட்டுப் படிவத்தில் 1 ஏற்கெனவே நிரப்பி வைத்திருந்தால், வேலை நெருக்கடியில் யார் அதைத் தொடப்போகிறார்கள்? மதிப்புரையில் எனக்கு வேண்டியது இந்த மாதிரித் தகவல்தான், முகப்பு என்ன நிறம் என்பதல்ல.

அடுத்தது மலையாளம். 1956 நவம்பர் 1 வரைக்கும் நாம் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தவர்கள், விளவங்கோடு பக்கத்துப் பழைய நூலகங்களில் மலையாளப் புத்தகம் இல்லாமல் இருக்காது. உயிர் சேராத ன், ல், ர் மாதிரியான மலையாளச் சில்லெழுத்துகளுக்கு 2008இல், கணினி எழுத்துத் தரமான யூனிகோட் 5.1இல்தான் தனிக் குறியீடு வந்தது, அதற்கு முன்னால் வேறு எழுத்துகளைச் சேர்த்து உருவாக்கினார்கள். கண்ணுக்கு ஒரே எழுத்து, கணினிக்கு இரண்டு வேறு எழுத்து. பழைய முறையில் ஏற்றின தலைப்பைப் புது விசைப்பலகையில் அடித்துத் தேடினால், மென்பொருள் இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளாவிட்டால், புத்தகம் அலமாரியில் இருக்கும், திரையில் வராது.

சரி, மென்பொருளுக்கும் நியாயம் வேண்டுமே. கோஹா என்கிற நூலக மென்பொருள் 1999இல் நியூசிலாந்தின் ஹோரோவெனுவா நூலக அறக்கட்டளைக்காக எழுதப்பட்டது, காசு கிடையாது, நம் கல்லூரிகளிலும் வைத்திருக்கிறார்கள். அதில் தமிழ்த் தேடல் மோசம் என்று ஒருவர் எழுதினால் நான் உடனே போடமாட்டேன், அதன் தேடல் பகுதியான ஜீப்ராவில், பல மொழி எழுத்துகளையும் கையாளுகிற ஐசியு அட்டவணை முறையை வைத்துப் பார்த்தீர்களா என்று கேட்பேன், ஏனென்றால் அதை வைக்காமல் கோஹாவைத் திட்டுவதில் அர்த்தமே இல்லை. மே மாதம் ஒன்று, நவம்பர் மாதம் ஒன்று என்று புது வெளியீடு வந்துகொண்டே இருப்பதால், பதிப்பு எண் போடாத கோஹா மதிப்புரையை நான் அச்சுக்கு அனுப்புவதே கிடையாது.

புத்தகத்தில் ஒட்டின டேக்கை ரேடியோ அலையால் வாசிக்கிற ஆர்எஃப்ஐடி பற்றிய கட்டுரைகளில் ஒன்றை மட்டும் தேடுவேன்: ஸ்டீல் ரேக்கில் வைத்துச் சோதித்தார்களா? 13.56 மெகாஹெர்ட்ஸ் டேக்குக்கு இரும்பு ஆகாது, நம்மிடம் இருக்கிறதோ முக்காலும் இரும்பு ரேக்.

அப்புறம் ஒரு கம்பெனிக்காரர் ஃபோன் பண்ணி, “விளம்பரம் தருகிறோம், மதிப்புரையை முன்னாடியே காட்டுங்க சார்” என்றார். விலை, பதிப்பு எண், வசதிப் பட்டியல், இதெல்லாம் சரிபார்க்க அனுப்புவேன், அதில் தப்பு வந்தால் எங்களுக்குத்தானே கேவலம். தீர்ப்பு வரிகள் அச்சுக்கு முன்னால் யாருக்கும் போகாது என்றேன். விளம்பரம் வரவில்லை, அந்த இடத்தில் சந்தா படிவத்தைப் போட்டோம்.

அடுத்த இதழுக்கு நூலகத்தில் வேலை பார்க்கிற ஒருவர் எழுதினால் நல்லது, தமிழும் மலையாளமும் வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும், குழித்துறை, தக்கலை பக்கமாக இருந்தால் நானே கணினியோடு வந்துவிடுவேன்.